சிறு கட்சி எழுப்பிய பெருங்கேள்வி

ஏதென்ஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது சாக்ரடீசின் நஞ்சுக் கிண்ணம். கேள்வி கேட்ட கிழவரைக் கொன்ற நகரம் அது. அந்நகரைத் தலைநகராகக் கொண்ட கிரேக்கத்தில், தம் தலைமையையே கேள்வி கேட்டவர்களால் உருவான கட்சி ஒன்று இருந்தது. கிரேக்கப் பொதுவுடைமைக் கட்சி, உள்நாட்டுப் பிரிவு என்பது அதன் பெயர்.

அதென்ன உள்நாட்டுப் பிரிவு? கட்சி என்றால் நாட்டுக்குள்தானே இருக்கும்? விடை வரலாற்றில் இருக்கிறது.

நாஜிப் படைகளை எதிர்த்து முன்னணியில் நின்றவர்கள் கிரேக்கப் பொதுவுடைமையர். உலகப்போர் ஓய்ந்தது; அமைதியோ பிறக்கவில்லை. 1946 முதல் 1949 வரை உள்நாட்டுப் போர். 1947-இல் கட்சிக்குத் தடை. தோற்ற படையினர் பல்லாயிரவர் எல்லை கடந்தனர். தலைவர்கள் கிழக்கு ஐரோப்பாவில் தங்கினர். நாட்டில் எஞ்சியோரில் பலர் மக்ரோனிசோஸ் போன்ற தீவுகளில் கைதிகளாய் வாடினர். பின்னர், 1951-இல் தோன்றிய ஐக்கிய ஜனநாயக இடதுசாரி அமைப்பின் வாயிலாக அரசியல் நடத்தினர். அடிபடுவோர் ஓரிடம், ஆணை பிறப்பதோ வேறிடம்!

1967 ஏப்ரல் 21. இராணுவக் கர்னல்கள் ஆட்சியைப் பறித்தனர். இடதுசாரிகள் ஆயிரக்கணக்கில் ஒரே வீச்சில் பிடிபட்டனர். சிறை, சித்திரவதை, தீவுக் காவல்! ஆயத்தமின்றி நின்றது ஏன் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? 1968 பிப்ரவரியில் புடாபெஸ்டில் கூடிய மத்தியக் குழுவின் 12-ஆவது கூட்டத்தில் விரிசல் பிளவாயிற்று. கோலியானிஸ் தலைமை, மாறுபட்டு நின்ற பர்ட்சாலிதிஸ் முதலானோரை உயர்பொறுப்பினின்றும் நீக்கியது. நாட்டுக்குள் மறைவில் பணியாற்றியோர் பலர் அம்முடிவை ஏற்க மறுத்தனர். பெயருக்குப் பொருள் இப்போது விளங்குகிறதன்றோ?

அதே ஆண்டு ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராகாவுக்குள் புகுந்தன. பழைய தலைமை அதை ஆதரித்தது. உள்நாட்டுப் பிரிவோ கண்டித்தது. தம் வீட்டில் டாங்கிகளின் கொடுமையைக் கண்டவர்கள், அயலார் வீட்டில் அவை புகுவதைப் போற்றுவரோ?

அவர்கள் கொள்கை யாது? சமதர்மம் மக்களின் இசைவோடு வரவேண்டும். பல கட்சிகள் இருக்கவேண்டும். வாக்கிழந்தால் ஆட்சியை விட்டு இறங்கவும் வேண்டும். எந்த வெளிநாட்டுத் தலைநகரும் திருப்பீடம் அன்று. எந்த ஏடும் வேதம் அன்று. பாரிசில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் நிக்கோஸ் பூலாண்ட்சாஸ் இவ்வணியைச் சேர்ந்தவர். நாடாளுமன்ற ஜனநாயகத்தையும், மக்கள் தாமே இயங்கும் நேரடி ஜனநாயகத்தையும் இணைத்தே சமதர்மம் செல்லவேண்டும் என அவர் வாதிட்டார். கட்சியின் இளைஞர் அமைப்புக்கு ரிகாஸ் பெரையோஸ் என்று பெயர். துருக்கியப் பேரரசுக்கு எதிராகப் புரட்சி எழுதி, 1798-இல் கொல்லப்பட்ட வீரனின் பெயர் அது. 1973 நவம்பரில் ஏதென்ஸ் பொறியியற் கல்லூரியில் மாணவர் கிளர்ந்தெழுந்தபோது, இவ்வமைப்பினரும் களத்தில் நின்றனர்.

1974-இல் கர்னல்கள் வீழ்ந்தனர். மக்கள் வாக்குகளை வாரி வழங்கினரா? இல்லை! 1974-இல் மூன்று இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுகூடிப் பெற்றது 9.47 விழுக்காடு. 1977-இல் உள்நாட்டுப் பிரிவு இடம்பெற்ற கூட்டணிக்கு 2.72, 1981-இல் தனித்து நின்று 1.34. பழைய கட்சியே பெருங்கட்சியாய் நின்றது. 1987-இல் உள்நாட்டுப் பிரிவு கலைந்தது. லியோனிதாஸ் கீர்கோஸ் தலைமையில் ஒரு பகுதியினர் கிரேக்க இடதுசாரிக் கட்சியைக் கண்டனர். அது 1989-இல் சினாஸ்பிஸ்மோஸ் கூட்டணியில் கலந்தது. அதனின்று 2004-இல் சிரிசா அணி எழுந்தது. 2015 ஜனவரியில் சிரிசா அரியணை ஏறியது! 1.34 விழுக்காட்டு விதையும் அம்மரத்தின் வேர்களுள் ஒன்று.

ஆனால் வெற்றிமுரசோடு நாம் நிறுத்திவிடலாகாது. 2015 ஜூலையில், கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளுக்கு 61 விழுக்காட்டினர் மறுப்பு வாக்களித்தனர். சில நாட்களிலேயே சிரிசா அரசு கடும் நிபந்தனைகளுக்கு இணங்கியது. 2019-இல் ஆட்சி இழந்தது. ஆணை மாஸ்கோவிலிருந்து வந்தால் என்ன, கடன்காரர் மேசையிலிருந்து வந்தால் என்ன? முடிவு செய்யவேண்டியவர் யார் என்று 1968-இல் எழுந்த கேள்வி, 2015-இல் மீண்டும் வாயிலில் வந்து நின்றது.

இளைஞர்களே! தலைமையைக் கேள்வி கேட்பது துரோகம் என்று எவரேனும் உரைத்தால், இச்சிறு கட்சியின் கதையை எடுத்துரையுங்கள். அக்கேள்வியைத் தாமே ஆட்சிக்கு வந்த பின்னும் தாங்கவேண்டும் என்பதையும் மறவாது சேர்த்துரையுங்கள்!