கபோசி சார்கோமா: தோலும் பெயரும்

தோலில் ஊதாநிறப் புள்ளிகளாகவும் தடிப்புகளாகவும் தோன்றும் ஒரு புற்றுநோய், மனிதர்களில் ஒரு சாராரைக் காட்டிக்கொடுக்கும் முத்திரையாக எப்படிக் கட்டமைக்கப்பட்டது? 1872இல் வியன்னா தோல் மருத்துவர் மோரிட்ஸ் கபோசி ஐந்து ஆண்களிடம் கண்டு இதை விவரித்தார். பின்வந்த பாடநூல்கள் இதை மத்தியதரைக்கடல் நாட்டவர், கிழக்கு ஐரோப்பிய யூதர் ஆகியோரில் வயதான ஆண்களின் நோய் என்று எழுதின. ஆனால் உகாண்டாவிலும் காங்கோவிலும் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது வந்துகொண்டிருந்தது. 1961இல் கம்பாலாவில் இதற்கென்றே ஒரு கருத்தரங்கு கூடியது. ஆப்பிரிக்க உடலில் இருந்தவரை உலகப் பத்திரிகைகளுக்கு இது ஒரு சேதியே இல்லை.

1981 ஜூலை 3 அன்று, நியூயார்க், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த 26 தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு இந்நோய் இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை சொன்னது. அதே நாள் நியூயார்க் டைம்ஸ் செய்தியில் எண்ணிக்கை 41. 'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற சொல் தலைப்பிலேயே ஏறியது. 1982இல் எய்ட்ஸ் என்ற பெயர் வருவதற்குள் நோயும் ஆளும் ஒன்றாக்கப்பட்டுவிட்டன. முகத்தில் ஒரு புள்ளி விழுந்தால் வேலை போச்சு, வீடு போச்சு, சிலருக்குக் குடும்பமும் போச்சு. 1993இல் வந்த 'ஃபிலடெல்ஃபியா' படத்தில் வழக்கறிஞரான நாயகன் வேலையிழப்பது, அவன் நெற்றிப் புள்ளி முதலாளிகளில் ஒருவர் கண்ணில் பட்ட பிறகுதான்.

1994இல் யுவான் சாங், பாட்ரிக் மூர் குழுவினர் இதன் பின்னால் ஒரு ஹெர்ப்பிஸ் வகை வைரஸ் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அது முக்கியமாக எச்சில் வழியே பரவுவது, எச்.ஐ.வி. உடலின் எதிர்ப்புச் சக்தியைச் சிதைக்கும்போது புற்றாக மாறக்கூடியது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் வரும். தன்பாலீர்ப்பு ஆண்களிடையே அந்த வைரஸ் கூடுதலாகப் பரவியிருந்தது உண்மை. அது தொற்றின் கணக்கு. அதை ஒழுக்கத்துக்கான தண்டனையாக வாசித்தது சமூகம்.

1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்ததும் பணக்கார நாடுகளில் நோய் வேகமாகக் குறைந்தது. மலாவியிலும் மொசாம்பிக்கிலும் உகாண்டாவிலும் இன்றும் ஆண்களைத் தாக்கும் முக்கியப் புற்றுநோய்களில் இது ஒன்று. முற்றிய நிலையிலும் எச்.ஐ.வி. மருந்தோடு பாக்லிடாக்செல் கொடுத்தால் பலரைக் காப்பாற்றலாம். அதைக் கொடுக்க மருத்துவமனை வேணும், காசு வேணும், நேரத்தோடு நோயைக் கண்டுபிடிக்கிற ஆள் வேணும். 1998இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய சிகிச்சை நடவடிக்கை இயக்கத்தினர், 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டே மருந்து கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். மற்றவர்கள் குத்திய முத்திரையைத் தாங்களே எடுத்து அணிந்துகொண்ட அந்த அரசியலிலிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.