மயில்வாகனம் எழுதின சோதனைகள்

சுவாமி விபுலாநந்தர் என்றதும் 'யாழ் நூல்', முதல் தமிழ்ப் பேராசிரியர் என்று சொல்லிட்டு நிப்பாட்டிருவம். 30 வயசுக்குள்ள நாலு பெரிய சோதனை எழுதின ஒரு பொடியனும் அதுக்குள்ள இருக்கிறான்.

1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படிச்சு, 16 வயசில் கேம்பிரிட்ஜ் சீனியர் சோதனையில் சித்தியடைந்தார். 1916இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞான டிப்ளோமா. அதே வருசமே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் சோதனை. 1920இல் லண்டன் பி.எஸ்சி. அப்போது இலங்கையில் பல்கலைக்கழகமே இல்லை. அது வந்தது 1942இல். லண்டன் பட்டம் வேணுமென்றால் வெளிவாரியாக, தானாகப் படிச்சுத்தான் எழுத வேணும்.

இதில் கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று இருக்கு. சீனியர் முடிச்ச காலத்திலிருந்தே அவர் ஆசிரியர். மிக்கேல் கல்லூரியில் படிப்பிச்சார். லண்டன் சோதனைக்கு முந்தின வருசங்களில் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பிச்சார். வகுப்பில் நிற்கிறவர் புத்தகத்தை மூடிப்போட்டு விளங்கப்படுத்த வேணும். பிள்ளைகள் கேள்வி கேட்டால் மறதி வெளியில வந்திடும். மறுகா அதைத் திருத்தலாம்.

இதைத்தான் 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அளந்து பார்த்தார்கள். ஒரு பகுதி மாணவர்கள் பாடத்தைத் திரும்ப வாசிச்சார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிசத்தில் வாசிச்சவர்கள்தான் கொஞ்சம் முன்னுக்கு. ஒரு கிழமை கழிய எழுதினவர்களுக்கு 56 வீதம் ஞாபகம், வாசிச்சவர்களுக்கு 42. சோதனைக்கு முதல் நாள் இரவு கொப்பியைப் புரட்டும்போது 'எல்லாம் தெரியும்' போலத் தோன்றுவதும், மண்டபத்தில் கை நிற்பதும் இதனால்தான்.

படுவான்கரைப் பிள்ளைகள் பலருக்கு ரியூசன் என்பது வாவிக்கு அங்கால இருக்கிற விசயம். பாதை ஏறி, பஸ் பிடிச்சுப் போக வேணும், காசும் வேணும். கொப்பியை மூடிப்போட்டு வெறுந்தாளில் எழுதிப் பார்க்கவும், கடந்தகால வினாத்தாளை நேரம் வைச்சுச் செய்யவும், தங்கச்சிக்கு ஒரு பாடம் சொல்லிக் குடுக்கவும் காசு தேவையில்லை. மூன்று நாள் விட்டு அதையே திரும்பச் செய்தால் இன்னும் நிற்கும்.

மயில்வாகனம் சோதனைகளோடு நின்றுவிடவில்லை. துறவியான பிறகு, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். தனியாகப் படிச்சு ஏறினவர், மற்றப் பிள்ளைகளுக்கு வகுப்பறை கட்டினார். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுக்கிற நம்மட ஆட்களும் ஊரில் ரெண்டு பேருக்குச் சொல்லிக் குடுத்தால், அவர் செய்ததன் தொடர்ச்சி அதுதான்.