பாறைத் தேமலும் ஒரு விவசாயி மகனும்

மலைக்கோயில் படி ஏறும்போது பக்கத்துப் பாறைகளைக் கவனிச்சிருப்பீங்க. வெள்ளை, சாம்பல், மஞ்சள்னு வட்ட வட்டமா, பாறைக்குத் தேமல் வந்த மாதிரி இருக்கும். யாரோ பெயிண்டைச் சிந்திட்டுப் போயிட்டாங்கன்னு நினைக்கிறவங்களும் உண்டு. நகத்தால சுரண்டினாலும் வராது. அது உயிருள்ள பொருக்கு. படிச்சவங்க லைக்கன்னு சொல்றாங்க. நீங்க பிரியாணிக்குப் போடுற கல்பாசி இதோட பங்காளிதான். ஆனா அது இலை மாதிரி இருக்கும், உரிச்சு எடுத்துடலாம். இந்தப் பொருக்கு வகைக்கு அடித்தோலே கிடையாது. அதோட நூலிழைகள் நேரா கல்லுக்குள்ளேயே இறங்கியிருக்கும். கல்லோட பெயர்த்தாத்தான் எடுக்க முடியும்.

ரொம்ப காலம் இதை ஒரே செடின்னுதான் நினைச்சிருந்தாங்க. 1753-ல செடிகளுக்கெல்லாம் பெயர் வெச்ச லின்னேயஸ், எல்லாத்தையும் 'லைக்கன்'ங்கிற ஒரே பேரினத்துல போட்டுட்டார். தேசப்படம் மாதிரி கறுப்பு எல்லைக்கோட்டோட பாறையில படர்ற ஒரு மஞ்சள் பொருக்குக்கு 'ஜியோகிராஃபிகஸ்'னு அழகான பெயர் வெச்சார். ஆனாலும் லைக்கன்கள் மேல அவருக்குப் பெரிய மரியாதை இல்ல. தாவரங்களிலேயே பரம ஏழைக் குடியானவங்கன்னு எழுதிட்டார். (குடியானவங்க என்ன பாவம் செஞ்சாங்களோ!)

குட்டை உடைச்சவர் சிமோன் ஷ்வெண்டனர். 1829-ல சுவிட்சர்லாந்தின் புக்ஸ் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கொஞ்ச காலம் வாத்தியாரா இருந்துட்டு அப்புறம் தாவரவியல் படிச்சார். லைக்கனை மெல்லிசா சீவி நுண்ணோக்கியில பார்த்தா, நிறமில்லாத நூலிழைகளுக்கு நடுவுல பச்சை உருண்டைகள் தெரியும். இழைதான் உருண்டையைப் பெத்துப் போடுதுன்னு மத்தவங்க நம்பினாங்க. ஷ்வெண்டனர் 1867-ல எழுந்து, இழை ஒரு பூஞ்சை, உருண்டை ஒரு பாசி, ரெண்டும் வேற வேற உயிர்னார். பூஞ்சை எஜமான், பாசிகள் அதோட அடிமைகள்னும் விவரிச்சார்.

லைக்கன் நிபுணர்கள் கொதிச்சுட்டாங்க. ஆயுசு முழுக்க ஒரு இனம்னு நினைச்சுப் படிச்சதை, ரெண்டு பேர் கூட்டுன்னா யார் ஒத்துக்குவாங்க? கிராம்பி என்ற பாதிரியார் இதைக் காதல் கதைன்னு கிண்டலடிச்சார். நைலாண்டர் கடைசி வரைக்கும் ஏத்துக்கவே இல்ல, 1899-ல அப்படியே செத்துப் போனார். அவர் சாமானியர் இல்ல. பாரிஸ் நகரக் காத்து கெட்டுப்போறதால லைக்கன்கள் குறையுதுன்னு 1866-லேயே சொன்ன கூர்மையான கண்ணு அவருக்கு. அந்தக் கண்ணுக்கு எதிர்ல இருந்தது தெரியாமப் போச்சு.

1877-ல ஷ்டால் என்பவர், பூஞ்சையையும் பாசியையும் தனித்தனியா எடுத்துச் சேர்த்து லைக்கனை வளர்த்துக் காட்டினார். கூட்டு வாழ்க்கைன்னு நாம இன்னைக்குச் சொல்ற கருத்தே இந்தப் பொருக்குகளைப் பார்த்துத்தான் பெருசா பேசப்பட ஆரம்பிச்சது.

ஆனா எஜமான், அடிமை கணக்குதான் எனக்கு ஒட்டல. விவசாயி மகன் இப்படியா சொல்லணும்? எனக்கு இது வாரத்துக்கு விட்ட நிலமாத்தான் படுது. பூஞ்சை கூரை போட்டு, ஈரத்தைப் பிடிச்சு வெச்சு, வெயிலை மறைக்குது. பாசி வெளிச்சத்துல சமைச்சு, சமைச்சதுல பெரும்பங்கைக் கொடுத்துடுது. பங்கு அநியாயம்தான், சந்தேகமே இல்ல. ஆனா இந்தக் கூட்டுல சேர்ற பாசிகள்ல சிலது, ஈரச் சுவர்லயும் மரப்பட்டையிலயும் தனியாவும் பொழைச்சுக்குது. பூஞ்சைக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. பாசி இல்லாம பாறை மேல அதால அந்தப் பொருக்கைக் கட்டவே முடியாது.

மழை பெஞ்சதும் பாறைப் பக்கம் போனீங்கன்னா, சாம்பல் பொருக்கு பல இடத்துல லேசா பச்சை அடிச்சிருக்கும். மேல்தோல் நனைஞ்சு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கிற பாசி வெளியே தெரியுறதுதான் அது.