விலாசம்

அஞ்சல் உறையில் எழுதும் முகவரியைத்தான் பெரும்பாலான தமிழர்கள் விலாசம் என்பார்கள். செட்டிநாட்டில் இது ஆளோடு ஒட்டிய சொல். அங்குள்ள வணிகச் சமூகத்தாரான நகரத்தார் ஒருவரின் விலாசம் என்பது பெயருக்கு முன் வரும் முன்னோரின் தலைப்பெழுத்துகள். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடையின் அடையாளமே அதுவாகத்தான் இருந்தது. உண்டியலிலும் பேரேட்டிலும் சீர்ப் பாத்திரங்களிலும் அதைப் பொறித்தார்கள். 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் விலாசத்தில் கடைசி 'எம்' அவர் தந்தை முத்தையாவைக் குறிக்கும்.

வடமொழி விலாசத்துக்கு ஒளிர்தல், ஒய்யாரம், விளையாட்டு என்று பொருள். 'டம்பாச்சாரி விலாசம்' போல நாடகத்துக்கும், விலாஸ் என்று குறுகிச் சாப்பாட்டுக் கடைக்கும் பெயரானது. செட்டிநாட்டில் அதுவே ஆளின் அடையாளமாகவும் வளர்ந்தது. எனக்கு இந்த வளர்ச்சிதான் அழகு.

இரு நகரத்தார் புதிதாகச் சந்தித்தால், "எந்த ஊருங்க? எந்தக் கோயிலு?" என்ற கேள்வி வரும். இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பங்காளியா, சம்பந்தம் செய்யக்கூடியவரா என்பது பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். விலாசமும் சொன்னால் எந்த வீடு என்றும் விளங்கும்.

இன்று காரைக்குடிப் பிள்ளைகள் ஜப்பானிய அசைபடமான அனிமேயின் ரசிகர் கூட்டத்தில் சேரும்போது, பிடித்த கதாபாத்திரத்தின் பெயரையே சூடி அறிமுகமாகலாம். அந்தப் பெயர் அவர்களே தேர்ந்தது. விலாசமோ பாட்டன் வழியே வருவது.