காயம்பட்ட வீரரை டிராஃப்டில் எடுப்பது ஏன் பெரிய ரிஸ்க்? என்எஃப்எல் அணிகள் போடும் கணக்கு என்ன?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இல் ஆண்டுதோறும், பொதுவாக ஏப்ரல் மாதத்தில், டிராஃப்ட் நடக்கிறது. கல்லூரி அணிகளில் கலக்கிய இளம் வீரர்களை 32 அணிகளும் முறை வைத்துத் தேர்வு செய்யும் நிகழ்ச்சி இது. அப்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழும். திறமையில் முதல் 10 இடத்துக்குள் வரவேண்டிய வீரர், சில மாதங்களுக்கு முன்பு மூட்டு ஜவ்வு கிழிந்து ஊன்றுகோலோடு நிற்கிறார். அவரை எடுக்கலாமா, விட்டுவிடலாமா?

எடுத்து ஜெயித்த அணிகள் உண்டு. எடுத்த வீரர் ஒரு மேட்ச்கூட ஆடாமல் ஓய்வு பெற்றதைப் பார்த்த அணியும் உண்டு. வெளியில் இருந்து பார்த்தால் இது சூதாட்டம் மாதிரி தெரியும். ஆனா இதற்குப் பின்னால் மருத்துவம், பணம், காலம் என மூன்று கணக்குகள் ஓடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டிராஃப்ட் எப்படி நடக்கிறது?

முதலில் ஒரு விளக்கம். இங்கே பேசுவது நாம் பார்க்கும் கால்பந்து அல்ல. ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, எதிராளியை மோதி வீழ்த்தும் அமெரிக்கக் கால்பந்து.

ஐபிஎல் ஏலத்தில் கையில் இருக்கும் பணத்துக்குள் எந்த வீரருக்கும் எந்த அணியும் போட்டியிடலாம். டிராஃப்டில் அப்படி முடியாது. முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. இப்படி 3 நாளில் 7 சுற்றுகள் நடக்கும். ஒரு அணிக்கு அதன் முறை வரும்போது ஒரு வீரரைத்தான் எடுக்க முடியும். அந்த முறைக்குப் பெயர் 'பிக்'. அணிகள் தங்கள் பிக்கை மற்ற அணிகளோடு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். அதனால் டிராஃப்டில் உண்மையான நாணயம் டாலர் அல்ல, பிக்தான்.

2011-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு புதிய வீரரின் சம்பளம் பெரும்பாலும் அவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறார் என்பதை வைத்தே முடிவாகிறது. டிராஃப்டான வீரருக்கு 4 வருஷ ஒப்பந்தம். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரை 5-ஆவது வருஷமும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. இந்த '4 வருஷம்' முக்கியம். காயம்பட்டவருக்கு அதில் முதல் வருஷம் சிகிச்சையிலேயே போய்விடலாம்.

காயத்தை அணிகள் எப்படி எடைபோடுகின்றன?

டிராஃப்டுக்கு முன்பு, இண்டியானாபொலிஸ் நகரில் 'கம்பைன்' என்ற தேர்வு முகாம் நடக்கும். 40 கெஜ ஓட்டம், உயரம் தாண்டுதல் எல்லாம் டிவியில் வரும். ஆனா அணிகளுக்கு அதைவிட முக்கியமானது டிவியில் வராத மருத்துவப் பரிசோதனை. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எடுக்கப்படும். அணி மருத்துவர்கள் மூட்டைக் கையால் அசைத்துப் பார்ப்பார்கள். பெரிய காயம் உள்ளவர்களுக்கு டிராஃப்டுக்குச் சில வாரங்கள் முன்பு மறுபரிசோதனையும் உண்டு.

பரிசோதனை ஒன்றுதான் என்றாலும் முடிவு ஒன்றாக இருப்பதில்லை. ஒரு அணியின் மருத்துவர் 'சரியாகிவிடும்' என்பார். இன்னொரு அணி அதே வீரரின் பெயரையே பட்டியலில் இருந்து அடித்துவிடும். எல்லோரும் எதிர்பார்த்த ஒரு வீரர் டிராஃப்ட் இரவில் சடசடவென்று கீழே இறங்கினால், பல சமயம் காரணம் மருத்துவ அறிக்கைதான்.

எல்லா காயமும் ஒன்றா?

இல்லை. முழங்காலின் முக்கிய ஜவ்வான ஏசிஎல் மட்டும் கிழிந்தால், இன்றைய அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் 9 முதல் 12 மாதங்களில் களத்துக்குத் திரும்ப வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஏசிஎல் காயத்தோடு முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2019-இல் ஜெஃப்ரி சிம்மன்ஸை 19-ஆவது ஆளாக டென்னசி டைட்டன்ஸ் அணியும், 2022-இல் ஜேமிசன் வில்லியம்ஸை 12-ஆவது ஆளாக டெட்ராய்ட் லயன்ஸ் அணியும் எடுத்தன.

ஒரே நேரத்தில் பல ஜவ்வுகள் கிழிந்தாலோ, மூட்டே இடம்பெயர்ந்தாலோ கதை வேற. அதோடு நரம்பும் பாதிக்கப்பட்டால் இன்னும் சிக்கல். ஜவ்வைத் தைக்கலாம், மாற்று ஜவ்வு பொருத்தலாம். நரம்பு தானாக வளர்ந்துதான் ஆகணும். அது வளரும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். முழுசாக வளருமா என்பதை எந்த எம்ஆர்ஐ-யும் உறுதியாகச் சொல்லாது.

வீரரின் இடமும் கணக்கில் சேரும். ரன்னிங் பேக் என்பவர் பந்தோடு ஓடி, நொடிக்கு நொடி திசை மாற்றுபவர். முழங்கால்தான் அவருக்கு மூலதனம். நின்ற இடத்தில் இருந்து பந்தை எறியும் குவாட்டர்பேக்குக்கு அதே காயம் அதே அளவு இழப்பு அல்ல.

ஜெய்லன் ஸ்மித்: நரம்பை நம்பி எடுத்த பிக்

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படும் பெயர் ஜெய்லன் ஸ்மித். நோட்டர் டேம் பல்கலைக்கழக லைன்பேக்கர். நாட்டின் சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதை 2015-இல் வாங்கியவர். முதல் 5 இடத்துக்குள் போவார் என்று பேசப்பட்டது. 2016 ஜனவரி 1 அன்று ஓஹயோ ஸ்டேட் அணிக்கு எதிரான ஃபியஸ்டா பவுல் மேட்ச்சில் அவரது இடது முழங்காலில் இரண்டு ஜவ்வுகள் கிழிந்தன. பாதத்தைத் தூக்க உதவும் நரம்பும் பாதிக்கப்பட்டது. நடக்கும்போது பாதம் தொங்கிப்போகும் நிலை.

பல அணிகள் பின்வாங்கின. டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி இரண்டாம் சுற்றில் 34-ஆவது ஆளாக அவரை எடுத்தது. அவருக்கு அறுவை சிகிச்சை செய்த டான் கூப்பர், கவ்பாய்ஸ் அணியின் மருத்துவர். முழங்காலைத் திறந்து பார்த்தவர் அவர்தான். எம்ஆர்ஐ படத்தை மட்டும் பார்த்த மற்ற அணிகளைவிட இவர்களுக்குத் தகவல் கொஞ்சம் கூடுதல்.

2016 சீசன் முழுக்க ஸ்மித் ஆடவில்லை. 2017-இல் காலில் பிரேஸ் கட்டிக்கொண்டு 16 மேட்ச்சிலும் ஆடினார். 2019 சீசனில் நட்சத்திர வீரர்களுக்கான ப்ரோ பவுல் அணியிலும் இடம்பிடித்தார். டல்லாஸ் போட்ட கணக்கு பலித்தது.

ஆனா ஸ்மித்துக்கு என்ன ஆனது? அதே டிராஃப்டில் 4-ஆவது ஆளாக டல்லாஸ் எடுத்த எசக்கியல் எலியட்டின் ஒப்பந்தம் சுமார் 2.49 கோடி டாலர். ஸ்மித்தின் ஒப்பந்தம் சுமார் 65 லட்சம் டாலர். 30 இடம் கீழே போனதன் விலை இது. அணிக்குத் தள்ளுபடியாகத் தெரிவது வீரருக்கு நேரடி இழப்பு.

எதிர்பார்ப்பு பொய்த்த கதையும் உண்டா?

உண்டு. சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக் மார்கஸ் லாட்டிமோர். 2011-இல் இடது முழங்காலில் காயம். மீண்டு வந்து ஆடியவருக்கு 2012 அக்டோபரில், டென்னசி அணிக்கு எதிராக வலது முழங்கால் மூட்டே இடம்பெயர்ந்தது. 2013 டிராஃப்டில் சான் ஃபிரான்சிஸ்கோ 49ர்ஸ் அணி நாலாம் சுற்றில் 131-ஆவது ஆளாக அவரை எடுத்தது. முதல் வருஷம் முழுக்க ஓய்வும் கொடுத்தது. ஆனா 2014 நவம்பரில், ஒரு என்எஃப்எல் மேட்ச்கூட ஆடாமல் அவர் ஓய்வை அறிவித்தார்.

இது அணியின் தவறான முடிவா? அப்படிச் சொல்ல முடியாது. அந்த வருஷம் 49ர்ஸ் பத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்தது. நாலாம் சுற்றில் எடுக்கப்படும் ஆரோக்கியமான வீரர்களிலேயே பலர் நிலைப்பதில்லை. அந்த விலைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் தாங்கக்கூடிய நஷ்டம். இதே முடிவை முதல் சுற்றில் எடுத்திருந்தால் அணிக்குப் பெரிய அடியாக இருந்திருக்கும்.

முதல் சுற்றிலேயே துணிந்த அணியும் இருக்கிறது. 2003 ஜனவரியில் தேசிய சாம்பியன்ஷிப் மேட்ச்சில் மூன்று ஜவ்வுகள் கிழிந்த மயாமி பல்கலைக்கழக ரன்னிங் பேக் வில்லிஸ் மெகாஹியை, அதே வருஷம் 23-ஆவது ஆளாக பஃபலோ பில்ஸ் எடுத்தது. 2003 முழுக்க அவர் ஆடவில்லை. 2004-இல் 1,128 கெஜம் ஓடினார். 2013 வரை லீக்கில் ஆடினார். காயம் எவ்வளவு பெரியது என்பதை மட்டும் வைத்து முடிவைக் கணிக்க முடியாது என்பதற்கு லாட்டிமோரும் மெகாஹியும் இரண்டு பக்க சாட்சிகள்.

பயந்த காயம் ஒன்று, வந்த காயம் வேறு

2019 நவம்பரில் அலபாமா குவாட்டர்பேக் டுவா டகோவைலோவாவின் வலது இடுப்பு மூட்டு இடம்பெயர்ந்து, எலும்பும் முறிந்தது. இந்தக் காயத்தில் பெரிய பயம், எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பே செத்துப்போவது. 1991 ஜனவரியில் ரெய்டர்ஸ் அணியின் போ ஜாக்சனுக்கு அதுதான் நடந்தது. அத்தோடு அவரது கால்பந்து வாழ்க்கையே முடிந்தது.

மயாமி டால்ஃபின்ஸ் துணிந்து 2020 டிராஃப்டில் 5-ஆவது ஆளாக டுவாவை எடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் களமிறங்கினார். இடுப்பு தாங்கியது. ஆனா 2022-இலும் 2024-இலும் அவர் பல மேட்ச்களை இழந்தார். முக்கியக் காரணம் தலையில் அடிபட்டு ஏற்பட்ட மூளை அதிர்ச்சி. டிராஃப்ட் நேரத்தில் எல்லோரும் இடுப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையான ரிஸ்க் எப்போது வருகிறது?

இங்கேதான் பலர் கவனிக்காத விஷயம் இருக்கிறது. டிராஃப்ட் நாளில் அணி வைக்கும் பந்தயம் சின்னது. பெரிய பணம் இறங்குவது இரண்டாவது ஒப்பந்தத்தில்.

ஜார்ஜியா பல்கலைக்கழக ரன்னிங் பேக் டாட் கர்லிக்கு 2014 நவம்பரில் ஏசிஎல் கிழிந்தது. 2015-இல் ராம்ஸ் அணி 10-ஆவது ஆளாக எடுத்தது. அந்த வருஷமே சிறந்த அறிமுகத் தாக்குதல் வீரர் விருது, 2017-இல் லீக்கின் சிறந்த தாக்குதல் வீரர் விருது. டிராஃப்ட் முடிவு அபாரம். அந்த நம்பிக்கையில் 2018-இல் ராம்ஸ் 6 கோடி டாலருக்குப் புதிய ஒப்பந்தம் போட்டது. அதே சீசன் முடிவிலேயே முழங்கால் பிரச்சினை தலைதூக்கியது. 2020 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது.

ஸ்மித்துக்கும் 2019-இல் டல்லாஸ் 5 வருஷத்துக்குச் சுமார் 6.4 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்தது. 2021 அக்டோபரில் அவரையும் விடுவித்தது. அதற்குக் காயம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனா இரண்டு கதையிலும் பாடம் ஒன்று: பெரிய காயத்தில் இருந்து மீண்ட உடம்புக்கு எவ்வளவு காலம் பாக்கி இருக்கிறது என்ற கேள்வி, வீரர் நன்றாக ஆட ஆரம்பித்ததும் மறந்துபோகிறது.

நஷ்டத்தைத் தாங்குவது யார்?

அணிக்குப் போவது ஒரு பிக், கொஞ்சம் பணம். வீரருக்குப் போவது வாழ்க்கையின் முதல் பெரிய வருமானம். கல்லூரியில் காயம்பட்டு வந்தவரை, விளையாட்டுக்கு வெளியே காயமடைந்தோர் பட்டியலில் அணி வைக்கலாம். அந்தப் பட்டியலில் இருக்கும்வரை முழுச் சம்பளம் தர வேண்டிய கட்டாயம் அணிக்கு இல்லை.

இதற்காகவே சில கல்லூரி நட்சத்திரங்கள், டிராஃப்டில் கீழே இறங்கினால் ஈடு தரும் 'மதிப்பு இழப்பு' காப்பீடு எடுக்கிறார்கள். மிச்சிகன் வீரர் ஜேக் பட்டுக்கு 2016 டிசம்பரில் ஆரஞ்சு பவுல் மேட்ச்சில் ஏசிஎல் கிழிந்தது. 2017 டிராஃப்டில் அவர் 5-ஆம் சுற்றுக்கு இறங்கினார். சுமார் 5.4 லட்சம் டாலர் காப்பீட்டுத் தொகை அவருக்குக் கிடைத்ததாக அப்போது செய்திகள் வந்தன.

இன்னொரு மாற்றமும் வந்தது. ஸ்மித் காயமடைந்த அதே 2016-இன் டிசம்பரில், லெனர்ட் ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி என்ற இரண்டு ரன்னிங் பேக்குகள் தங்கள் கல்லூரியின் கடைசி பவுல் மேட்ச்சில் ஆட மாட்டோம் என்றார்கள். 'அணியைக் கைவிட்டார்கள்' என்று விமர்சனம் எழுந்தது. 2017 டிராஃப்டில் ஃபோர்னெட் 4-ஆவது, மெக்காஃப்ரி 8-ஆவது. அதன்பிறகு இப்படி ஒதுங்குவது வழக்கமாகவே ஆகிவிட்டது. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலை வரை அனுமதி கிடையாது. சம்பளம் இல்லாத ஒரு மேட்ச்சுக்காகக் கோடிகளை ஏன் பணயம் வைக்கணும் என்பது அப்போது அவர்கள் தரப்புக் கேள்வியாக இருந்தது.

அப்படியானால் எடுக்கலாமா, கூடாதா?

'சரியாகுமா' என்று மட்டும் கேட்கும் அணி பாதிக் கேள்விதான் கேட்கிறது. எந்தச் சுற்றில், எத்தனை பிக் கையில் இருக்கும்போது, எவ்வளவு காலம் காத்திருக்கும் வசதியோடு எடுக்கிறோம் என்பது மீதிக் கேள்வி. இந்த சீசனிலேயே ஜெயித்தாக வேண்டிய பயிற்சியாளருக்கு, அடுத்த வருஷம் ஆடப்போகும் வீரரால் பயன் இல்லை. அணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருப்பவருக்கு அதே வீரர் நல்ல முதலீடு.

காயம்பட்ட வீரர் இரண்டாம், மூன்றாம் சுற்றில் எடுக்கப்படும்போது 'செம்ம லாபம்' என்று டிவி நிபுணர்கள் சொல்வது வழக்கம். அந்த லாபம் யாருடைய இழப்பில் இருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் டிராஃப்ட் கணக்கு முழுசாகப் புரியும்.