பழம் விடுதலும் கையெழுத்து வாங்குதலும்: போடி வட்டாரத்தில் 'அமைதி' கற்பிக்கப்பட்ட வரலாறு

ஒவ்வொரு சாதிக் கலவரத்துக்குப் பிறகும் ஒரு குரல் எழும்: 'பிள்ளைகளுக்கு அமைதியைக் கற்றுக்கொடுக்க வேண்டும்'. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது வரை பிள்ளைகளுக்கு யாருமே அமைதியைக் கற்றுக்கொடுக்கவில்லை என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், போடிநாயக்கனூரிலிருந்து கம்பம் வரையும் அந்தப் பக்கம் உசிலம்பட்டி வரையும் உள்ள நிலப்பரப்பில், நூறு வருஷத்துக்கும் மேலாகக் குழந்தைகளுக்கு அமைதி கற்பிக்கப்பட்டே வந்திருக்கிறது. யார் கற்பித்தார்கள், யாருடைய அமைதியை, எந்தக் கட்டடத்தில் வைத்து என்பதே கேள்வி.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகைச் சட்டத்துக்குப் பணிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் அம்மக்களின் கைரேகையைக் கேட்டது. இரவில் சொந்த வீட்டில் படுப்பதற்கும் கணக்குக் கேட்டது. அதே காலகட்டத்தில்தான் அரசாங்கம் 'கள்ளர் சீரமைப்பு' என்ற திட்டத்தையும் கையிலெடுத்தது. கூட்டுறவுச் சங்கம், மாணவர் விடுதி இவற்றோடு பள்ளிக்கூடம். துப்பாக்கியும் சிலேட்டுப் பலகையும் ஒரே கையிலிருந்து வந்தன. 'சீரமைப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோமே. பாழ்நிலத்தைத் திருத்திப் பயிருக்குக் கொண்டுவருவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அது. சாதியின் பெயரோடு ஒட்டியபோது, மனுஷர்களைத் திருத்துவது என்று அர்த்தம் மாறியது. அப்பன் 'குற்றவாளி', மகன் திருத்தப்பட வேண்டியவன். அப்பள்ளிகளுக்கு ஆட்சியாளர்கள் நினைத்த முதல் பயன் 'அடங்கிய பிள்ளை'தான்.

மறுபக்கம், தொழிலாளர் துறையின் கீழ் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகள் வந்தன. கிராமத்தில் அவற்றுக்கு 'லேபர் ஸ்கூல்' என்றே பெயர். பிற்காலத்தில் அவை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயின. பொதுப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகளை உட்காரவிடாத ஊரோடு மோதுவதைவிடத் தனியே ஒரு கட்டடம் கட்டிக்கொடுப்பது அரசுக்கு எளிதாயிருந்தது. இதுவும் ஒருவகைச் சமாதான ஏற்பாடுதான். ஊர் ஊராக இருக்கும், சேரி சேரியாக இருக்கும், படிப்பும் நடக்கும்.

இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்பெழுதிவிடக் கூடாது. முதல் தலைமுறைப் படிப்பாளிகள், வாத்தியார்கள், அரசு ஊழியர்கள், எழுத்தாளர்கள் என இவ்விரண்டு பள்ளிகளும் இல்லாவிட்டால் வந்திருக்கவே முடியாத ஆட்கள் இந்த மண்ணில் ஏராளம். அடக்குவதற்காகக் கொடுத்த எழுத்தை வைத்தே மனு எழுதக் கற்றுக்கொண்டார்கள். அதிகாரம் நினைத்ததை மட்டுமே பள்ளிக்கூடம் செய்கிறது என்று நம் தோழர்கள் சிலர் அல்தூஸரை வாசித்துவிட்டு எழுதுவது எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனாலும் ஒன்று மிச்சமாகிறது: அடுத்தடுத்த தெருவில் வாழ்ந்த இரண்டு சமூகங்களின் பிள்ளைகள், தங்கள் சாதியின் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே தனித்தனியாக நுழைந்து, அ எழுதப் படித்தார்கள். சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. பெயர்ப்பலகை ஒழியவில்லை.

1989க்கு வருவோம். அந்த வருஷம் செப்டம்பரில் போடியிலும் பக்கத்து மீனாட்சிபுரத்திலும் முக்குலத்தோருக்கும் தேவேந்திரர்களுக்கும் இடையே பெருங்கலவரம் மூண்டது (1981இல் மதமாற்றத்தால் பெயர்பெற்ற நெல்லைச் சீமை மீனாட்சிபுரம் வேறு). ஒரு பொதுக்கூட்டப் பேச்சு அதற்குக் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். பேச்சு தீக்குச்சி; வைக்கோல் யார் சேர்த்தது என்று கேட்டால் கூலி, குவளை, குளத்தங்கரை என்று பட்டியல் நீளும். உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன, பக்கத்துப் பகுதிகளுக்கும் பரவியது. அதன்பின் நடந்தது நமக்கெல்லாம் மனப்பாடமான சடங்கு: அதிகாரிகள் முன்னிலையில் சமாதானக் கூட்டம், இரு தரப்புப் பெரியவர்கள், டீ, கையெழுத்து.

அந்தக் கையெழுத்து எதைச் செய்யும் என்பதற்கு உத்தப்புரத்தைவிட வேறு சாட்சி வேண்டாம். மதுரை மாவட்டத்தில் எழுமலைக்கு அருகே உள்ள அந்த ஊரில், அதே 1989இன் மோதலுக்குப் பிறகு தலித் குடியிருப்பைப் பிரித்துச் சுவர் எழும்பியது. ஆதிக்கத் தரப்பு அதற்கு ஓர் உடன்படிக்கையைக் காட்டியது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு கட்டியதுதானே என்றது. அதாவது சுவர் கலவரத்தின் சின்னம் என்பதைவிட சமாதானத்தின் சின்னம்! 2008 மே 6ஆம் தேதி, தீண்டாமை ஒழிப்பு முன்னணி உள்ளிட்டோரின் போராட்டத்துக்குப் பின் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அதுவரை பத்தொன்பது வருஷம். 89இல் பிறந்த பிள்ளை வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கிற வயது வரை அந்தச் சுவரை ஊரின் இயல்பான பூகோளமாகப் பார்த்து வளர்ந்திருக்கும். சமாதானம் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை, சுவர் சொல்லியிருக்கும்.

ஜொஹான் கால்டுங் அறுபதுகளில் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார்: அடிதடி இல்லாதிருப்பது ஒரு வகை அமைதி, அநீதி இல்லாதிருப்பது இன்னொரு வகை. முதலாவதை அவர் எதிர்மறை அமைதி என்றார். நமது சமாதானக் கூட்டங்கள் தயாரிப்பதெல்லாம் அந்த முதல் ரகம். அந்தக் கூட்டங்களில் பெண்கள் அநேகமாக இருப்பதில்லை. பிள்ளைகள் இருப்பதே இல்லை. வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கலாம்.

வேடிக்கை பார்க்கிற அந்தப் பிள்ளைகளுக்குச் சமாதானம் செய்யத் தெரியாதா? தெரியும். நம் பெரியவர்களைவிட நன்றாகவே தெரியும். கோபம் வந்தால் 'காய்', ராசியானால் 'பழம்' — இதை எந்த வாத்தியாரும் கற்றுக்கொடுக்கவில்லை. காய் விட்டவன் பேசமாட்டான். ஆனால் அடிக்கவும் மாட்டான். எவ்வளவு நாள் என்று அவனே முடிவு செய்வான். இடையில் ஒருத்தன் தூது போவான்: 'அவன் பழம் விடுறானாம், நீ விடுறியா?' இருவரும் சம்மதித்தால்தான் பழம். ஒருவன் மட்டும் விட்டால் செல்லாது. கோலிக்குண்டிலும் கில்லியிலும் தகராறு வந்தால் 'அழிச்சாட்டம்' என்று கத்துவார்கள். விளையாடாமல் ஓரத்தில் நிற்பவனைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். தீரவில்லை என்றால் அந்த ஆட்டத்தையே செல்லாததாக்கி மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். நடுவர், சாட்சி, மறுவிசாரணை என்று நீதிமன்றத்தில் இருப்பதெல்லாம் இதற்குள் இருக்கிறது. மேலை நாடுகளின் பள்ளிகளில் 'சக மாணவர் நடுவம்' என்று பயிற்சி கொடுத்து, சான்றிதழும் கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் தெருவில் சான்றிதழ் இல்லாமல் செய்கிறார்கள்.

ஆனால் இதைக் காதலித்து உருகுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பழம் விடும் முறை சமமானவர்களுக்கு இடையில்தான் செல்லும். காய் விட்டால் இழப்பு இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆண்டை வீட்டுப் பையனோடு அவன் காட்டில் கூலிக்குப் போகிறவளின் மகன் காய் விட முடியுமா? விட்டால் மறுநாள் ஆத்தாவுக்கு வேலை இருக்குமா? ஐந்தாம் வகுப்பு வரைக்கும் காய்-பழமாக இருந்த சண்டை, எட்டாம் வகுப்பு தாண்டுவதற்குள் தெருச் சண்டையாக மாறிவிடுகிறது. மணிக்கட்டில் கலர் கயிறு ஏறுகிறது. சைக்கிளில் தலைவர் படம் ஒட்டுகிறது. திருவிழாவில் எந்தப் பாட்டைப் போடுவது என்பது கௌரவப் பிரச்சினையாகிறது. பையனுக்குச் சண்டை சொந்தமாக இருந்தவரை அவனால் தீர்க்க முடிந்தது. தெருவின் சண்டை அவன் கைக்கு வந்தபோது தீர்க்கும் அதிகாரம் அவனிடம் இல்லை, போடும் கடமை மட்டும்தான். பிரம்பெடுத்து இரண்டு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு போட்டு 'கை குடுங்கடா' என்கிற வாத்தியாருக்கு இந்த மாற்றம் கண்ணில் படுவதில்லை. பட்டாலும், 'எதுக்கு சார் வம்பு'. (2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அந்தப் பிரம்பைத் தடைசெய்தது. அதன் இடத்தில் என்ன வைப்பது என்று பயிற்சி தந்தவர் குறைவு.)

மலைக்கு மேலே நடந்ததையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். போடியிலிருந்து விடியுமுன் கிளம்பும் ஜீப்புகள் போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றியபோது எல்லைப் பாதைகள் அடைபட்டன. தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் விரட்டப்பட்டு, காட்டு வழியாக நடந்தே கீழே இறங்கி வந்தார்கள். அந்த நாட்களில் கம்பம் பள்ளத்தாக்கில் சாதி பேசியவர்களெல்லாம் ஒரே குரலில் 'தமிழர்' ஆனார்கள். சில வாரங்களில் பாதை திறந்தது, ஜீப்பு மறுபடி ஏறியது, தெருக்கள் பழையபடி தெருக்களாயின. பகை எவ்வளவு சீக்கிரம் ஆளை மாற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. ஆனால் அந்த டிசம்பரை எந்த வகுப்பறையும் பாடமாக எடுத்துப் பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

முயற்சிகளே நடக்கவில்லை என்பதல்ல. 1947இல் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் இங்கிருந்து தொலைவில் இல்லை. வினோபா 1957இல் தொடங்கிய சாந்தி சேனையின் சாயலில் அங்கே மாணவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. மனதார மதிக்க வேண்டிய முயற்சி. ஆனால் சேனை கலவரத்துக்கு நடுவில் போய் நிற்கக் கற்றுக்கொடுத்த அளவுக்கு, கலவரம் இல்லாத நாளில் டீக்கடை பெஞ்சில் யார் உட்காரக் கூடாது என்பதைப் பற்றிச் சண்டை போடக் கற்றுக்கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். 1997இல் மதுரை மக்கள் கண்காணிப்பகம் பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியைத் தொடங்கியது அந்த வகையில் ஒரு திருப்பம். அதை ஆராய்ந்து மோனிஷா பஜாஜ் 2012இல் வெளியிட்ட நூல், பாடத்தை வகுப்பறைக்கு வெளியே எடுத்துச் சென்ற பிள்ளைகள் எதிர்ப்பைச் சந்தித்ததையும் பதிவு செய்கிறது. உண்மையான அமைதிக் கல்வி முதலில் வீட்டில் சண்டையைக் கொண்டுவரும் போலிருக்கிறது.

வட அயர்லாந்தின் அனுபவம் நமக்கு நெருக்கமானது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் புராட்டஸ்டண்டுப் பிள்ளைகளுக்கும் அங்கே தனித்தனிப் பள்ளிகள். நம் போடி எரிந்த அதே 1989இல் 'பரஸ்பரப் புரிதலுக்கான கல்வி' அங்கே சட்டபூர்வமாகப் பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது. தனிப் பள்ளிகள் அப்படியே இருக்க, பிள்ளைகள் அவ்வப்போது சந்தித்துப் புரிந்துகொள்ள ஏற்பாடு! இதற்கு மாறாக 1981இல் பெல்ஃபாஸ்டில் சில பெற்றோர் தாமாகவே லகன் கல்லூரி என்ற கலப்புப் பள்ளியை 28 பிள்ளைகளோடு தொடங்கினார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அத்தகைய பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்நகரத்துத் தெருக்களைப் பிரிக்கும் சுவர்களுக்கு வழங்கும் பெயரைக் கேளுங்கள்: 'அமைதிச் சுவர்'. உத்தப்புரத்துக்காரர்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறுகளைத் தடைசெய்வது, அறநெறி வகுப்பு, 'சமூக நீதி மாணவர் படை' என்று பல பரிந்துரைகள். படை என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. மறுபடியும் ஒரு சேனை. ஆனால் அறிக்கையின் மிக முக்கியமான வரி வேறு: கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம் என்ற பெயர்களைப் பள்ளிகளிலிருந்து நீக்குங்கள், எல்லாவற்றையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவாருங்கள். இணைப்பை 2023 நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்திருந்தது.

மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் முந்நூறுக்கு நெருக்கமாக உள்ள கள்ளர் பள்ளிகளை இணைப்பதற்கு உசிலம்பட்டிப் பக்கம் எதிர்ப்பு கிளம்பியது. அதை வெறும் சாதி வெறி என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். 'எங்க ஆளுக செத்துக் கிடைச்ச பள்ளிக்கூடம்' என்ற உணர்வில் பெருங்காமநல்லூரின் ரத்தம் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் தரப்பிலும் நியாயமான பயம் உண்டு: பெயர் போனால் தனி நிதி என்னாகும், பொதுவில் கலந்த பிறகு எங்கள் பிள்ளை எந்த வரிசையில் உட்காருவான்? இரண்டு பயங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. ஒன்று பெருமையை இழக்கும் பயம், மற்றது பாதுகாப்பை இழக்கும் பயம். இவற்றை எதிரெதிரே உட்காரவைத்துப் பேச வேண்டிய இடம் தாலுகா ஆபீஸ் அல்ல. அந்தப் பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களே கூடி, இரு சாதிப் பெற்றோரும் வந்து, பத்தாம் வகுப்புப் பையன்களையும் பெண்களையும் உள்ளே உட்காரவைத்து, 1920ஐயும் 1989ஐயும் இரு தரப்பு நாவிலும் கேட்க வேண்டியிருக்கும். பையன்களுக்கும் பேச இடம் கொடுத்தால், ஒருத்தன் சாட்சிக்கு ஆள் கேட்பான், இன்னொருத்தன் முதல்லருந்து ஆடுவோம் என்பான். கையெழுத்துத் தாளை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.