பூனைச் சண்டை: சின்னக் கடி சீழ்க்கட்டியாக மாறுவது ஏன்?

வீட்டுப் பூனைகள் சண்டை போட்டால் நகக்கீறல்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் ஆபத்து பல் பட்ட இடத்தில்தான். ஊசி போன்ற கோரைப்பல் ஆழமாக இறங்கும். வெளியே சின்ன ஓட்டைதான், அதுவும் சீக்கிரமே மூடிக்கொள்ளும். பூனையின் வாயில் இருக்கும் பாஸ்சுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே பெருகி, 2 முதல் 4 நாளில் சீழ் கட்டிவிடும். மேலே முடி இருப்பதால் தெரியவும் தெரியாது.

பூனை சாப்பிடாமல் மூலையில் சுருண்டு கிடக்கிறதா, தொட்டால் சீறுகிறதா? தலை, முன்னங்கால், வால் அடிப்பகுதியை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வீக்கமோ சூடோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலிக்குமே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடக் கூடாது. பூனைக்கு அது விஷம், உயிரே போகலாம்.

பிரித்துவிடப் போய் உங்கள் கையில் கடி விழுந்தால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ரேபிஸ் தடுப்பூசிக்கு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.